தள்ளு தண்ணீருக்கு முறை வைத்த கோடை

மாசி 18, ஞாயிறு

வெயில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, புழுதி. பனைமட்டைச் சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை, நஷ்டம் ஒன்றுமில்லை.

இந்த ஊரின் வரலாற்றில் முதன்முறையாக, அரை அங்குலக் குழாய் ஒன்றின் எதிர்காலம் குறித்துக் குடிநீர்க் கமிட்டி கூடி, விவாதித்து, காபி குடித்து, ஏகமனதாகத் தீர்மானம் எடுத்தது. செயலாளர் என்ற வகையில் மினிட்ஸ் எழுதினேன். வில்லேஜ் ஆபீஸில் எழுதித் தேய்ந்த கை. கமா கூடப் பிசகவில்லை. இங்கே எழுதுவது எனக்கு மட்டும்.

விஷயம் இவ்வளவுதான். பம்பு ஹவுஸில் குளோரின் மருந்து ஒரு குட்டிப் பம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அது போய்ச் சேர வேண்டிய மேல்நிலைத் தொட்டியோ, தலைவர் ஆறுச்சாமியின் தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம், மேட்டில். அவ்வளவு தூரம் சொட்டு தானாக நடக்காது. ஆகவே சுத்தம் செய்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திருப்பி ஒரு மெல்லிய குழாயில் விட்டு, மருந்தை அதில் கலந்து ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். மாட்டிக் கொடுத்த கோயம்புத்தூர் மெக்கானிக் அதைக் கேரியர் வாட்டர் என்றார். ஊரில் தள்ளு தண்ணி.

ஆறுச்சாமி: "ஏனுங்க செகரட்ரி, கீழத்தெருவுல சனம் கொடத்தை வெச்சுக்கிட்டு நிக்குது. இங்க நல்ல தண்ணி பாட்டுக்கு ஓடிக்கிட்டுக் கெடக்குது. இது என்ன நாயமுங்க?"

அந்தத் தண்ணீரும் அதே தொட்டியில்தான் விழுகிறது, ஒரு சொட்டும் வீணில்லை என்றேன்.

"அதெப்படீங்க? மடை திருப்புன தண்ணி செலவுதானுங்களே?"

யாருக்கும் ஏறவில்லை. தென்னைக்கும் நிலக்கடலைக்கும் பாய்ச்சிப் பழகியவர்கள். குழாயை அடியோடு அடைத்துவிடலாம் என்ற நிலைக்குச் சபை வந்தபோது எனக்கு ஒரு யோசனை உதித்தது. கால்வாயில் முறை வைத்துத்தானே பாய்ச்சுகிறோம்? தள்ளு தண்ணிக்கும் முறை வைப்போம். காலையில் தொட்டி நிரப்பும்போது திறப்பது. சாயங்காலம் பொழுதோடு நிரப்பும்போது அடைப்பது. மருந்துப் பம்பு அது பாட்டுக்கு இரண்டு வேளையும் அடிக்கும். காலையில் ஓடும் மருந்து பொழுதோடு நடந்து போகும், அவ்வளவுதானே.

சபை மகிழ்ந்தது. முறை என்ற சொல்லுக்கு இங்கே எதிர்ப்பேச்சு கிடையாது. வரப்பில் மண்வெட்டியை ஓங்கியவன்கூட முறை என்றால் இறக்கிவிடுவான். ஆறுச்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பக்கமும் நோகாம முடிச்சுட்டீங்க" என்றார்.

விஞ்ஞானத்துக்கும் மக்களாட்சிக்கும் சம்பந்தம் பேசி முடித்த திருப்தியோடு வீடு வந்தேன். மதியம் கொள்ளுப் பருப்பு. தூக்கம்.

மாசி 20, செவ்வாய்

வெயில். முறை அமலுக்கு வந்தது. ஆபரேட்டர் சின்னச்சாமி வால்வில் சிவப்புத் துணி கட்டிவிட்டார். துணி இருந்தால் அடைப்பு, அவிழ்த்தால் திறப்பு. பெரிய அணைக்கட்டுகளுக்கும் இவ்வளவு தெளிவு இல்லை.

காலைத் தொட்டி மேலத்தெருக்களுக்கு. மதியத்துக்குள் காலி. பொழுதோடு நிரப்புவது கீழத்தெருவுக்கு. என் வீடு கீழத்தெருவில் கடைசி.

மகள் கவிதாவின் ஏழாம் மாதக் கட்டுச்சோற்றுக்கு வாங்க வேண்டியவை: புளி, எள், தேங்காய், பச்சரிசி, வாழை இலை, கண்ணாடி வளையல் (பச்சை மட்டும், சிவப்பு வேண்டாம் என்று மனைவி சரசு), தூக்குப் போசிகள், வேன். வேளந்தாவளம் போனால் எல்லாம் கிடைக்கும். சந்தை நாளில் போகக் கூடாது. மாடுகளுக்கு நடுவே வளையல் வாங்கிய அனுபவம் ஒருமுறை போதும்.

பங்குனி 2, ஞாயிறு

காற்று நின்றுவிட்டது. உடுமலை போய்ச் சம்பந்தி வீட்டில் கட்டுச்சோறு பரிமாறி, மகளை அழைத்துக்கொண்டு பொழுதுக்குள் திரும்பினோம். ஏழாம் மாதம். முதல் பிரசவம் நம் வீட்டில் என்பது முறை. (இதுவும் முறை.)

மாப்பிள்ளை பிரபு மில்லில் சூப்பர்வைசர். வேன் கிளம்பும்வரை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துருவனுங்க மாமா" என்று என்னிடம் சொன்னார்; சொன்னது அவளுக்கு.

வழியெல்லாம் கவிதா என்னைக் கிண்டலடித்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்கப்பா, உங்க கமிட்டி இன்னும் நடக்குதுங்களா? மினிட்ஸ் புஸ்தகம் எத்தனையாவது பாகம்?"

முறைத் தீர்மானத்தைச் சொன்னேன். சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "குழாய்க்கு முறை வெச்ச ஒரே ஆளு நீங்கதானுங்க." பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகக் குழாயடி. கையேந்தி இரண்டு மடக்கு. "அங்க எல்லாமே காய்ச்சுன தண்ணிங்கம்மா. குடிச்சா குடிச்சாப்பலயே இல்லை."

சரசு: "இங்கயும் காய்ச்சித்தான் குடுக்கோணும், அம்மிணி. வயித்துப் புள்ளைக்காரி."

நான் குறுக்கிட்டேன். பக்கத்து வீட்டு ருக்குமணி வேலியோரமாகவே நிற்கிறவள். கமிட்டித் தண்ணீரை நம்பிக் குடியுங்கள் என்று வீடு வீடாகச் சொன்ன செயலாளர், தன் வீட்டில் மட்டும் காய்ச்சுகிறார் என்றால் அது நாளைக்குள் மேலத்தெரு போய்விடும். மருந்து போட்ட தண்ணீர்தானே.

சரசு அடுப்பில் வைத்த குண்டாவை இறக்கிவிட்டாள்.

பங்குனி 6, வியாழன்

மேலத்தெருவிலிருந்து முறையீடு. காலைத் தண்ணீரில் நாற்றம். "பிளீச்சிங் பவுடர்ல காப்பி போட்டாப்பல இருக்குதுங்க, செகரட்ரி." ஒருவர் சொம்போடு வந்து என் மூக்குக்கு நேரே பிடித்தார். உண்மைதான்.

தலைவரும் நானும் போனிலேயே கூட்டம் கூடினோம். மருந்தைக் குறைக்க முடிவு. சின்னச்சாமி திருகைப் பாதிக்குத் திருப்பினார். பம்பு ஹவுஸ் குழாயில் பரிசோதனைச் சொட்டு விட்டுப் பார்த்தார். குப்பியில் நல்ல மஞ்சள், மருந்து இருக்கிறது என்று அர்த்தம். காலையில், பம்பு ஹவுஸில். அது போதும் என்று எல்லாருக்கும் தோன்றியது.

கீழத்தெருவில் ஒரு முறையீடும் இல்லை. ருக்குமணி வேலிக்கு மேலாக: "இப்பத்தானுங்க தண்ணி தண்ணியாட்ட இருக்குது. மருந்து வாசமே இல்லை. செகரட்ரி தெருன்னா சும்மாவா."

நிர்வாகம் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. குறித்துவைக்கிறேன்.

பங்குனி 16, ஞாயிறு

தாங்க முடியாத வெக்கை. கள்ளுக் கடைப் பக்கம் சாக்கடையோரம் கீழத்தெருக் குழாய் இணைப்பு கசிகிறது. சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருக்கிறார்கள். ஒட்டுப் போட ஆள் வர வேண்டும், வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பிரபு வந்திருந்தார். உடுமலை மாதுளை, பூ, ஒரு சின்ன மின்விசிறி. மூவரும் பெயர் தேடினோம். நான் சொன்ன பெயர்களைக் கவிதா ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

"அது கல்வெட்டுல இருக்கற பேருங்கப்பா. பள்ளிக்கூடத்துல வாத்தியார் கூப்பிடறதுக்குள்ள மணி அடிச்சுரும்."

பையன் என்றால் பெயர் முடிவாகவில்லை. பெண் என்றால் யாழினி என்று அவளே முடிவு செய்துவிட்டாள். ஓட்டெடுப்பு இல்லை, மினிட்ஸ் இல்லை.

சாயங்காலம் குழாயடியில் கால் நனைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பாதம் வீங்கியிருக்கிறது. அது இருக்கும்தான் என்று சரசு.

பங்குனி 27, வியாழன்

ருக்குமணியின் பிள்ளைகள் இரண்டுக்கும் காய்ச்சல், சோர்வு. வெயில் என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் வெயில் பொறுப்பேற்கிறது, ராஜினாமா செய்வதுமில்லை.

மின்கட்டணம். மூக்குக் கண்ணாடிக்குத் திருகு. கவிதாவுக்கு இரும்புச்சத்து மாத்திரை.

சித்திரை 1, திங்கள்

விஷு. தட்டில் கொன்றைப்பூ, மாம்பழம், பலாப்பழம், கண்ணாடி, வெள்ளரி. சரசு கவிதாவின் கண்ணைப் பொத்தி அழைத்து வந்து கனி காட்டினாள். பார்த்தாள். உடனே போய் வாந்தி.

"எட்டாம் மாசம் முடியப்போகுது, இப்ப என்னடி மசக்கை?"

"பலாப்பழ வாசம் ஒத்துக்கலீங்கம்மா."

பலாப்பழத்தை ருக்குமணி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். அவர்களும் வேண்டாம் என்றார்கள். பிள்ளைகள் எதையும் தின்பதில்லையாம்.

சித்திரை 4, வியாழன்

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த கவிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணின் வெள்ளை மஞ்சள்.

ருக்குமணி கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தாள். "எங்கூட்டுப் பசங்களுக்கும் இதுதானுங்க. மோர்ல குடுத்தா எறங்கிரும்." அவள் முகத்தில் ஒரு பயமும் இல்லை, எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சித்தூர் ஆஸ்பத்திரி. பார்த்ததுமே பாலக்காட்டுக்கு எழுதினார்கள். ஆட்டோ, பிறகு ஆம்புலன்ஸ். கவிதா என் தோளில் சாய்ந்துகொண்டு, "கீழாநெல்லிக்கு முறை வெச்சுறாதீங்கப்பா" என்றாள். சிரித்தேன்.

சித்திரை 5, வெள்ளி

பாலக்காடு. வராந்தா, மின்விசிறி, பினாயில். இளம் டாக்டர், மலையாளத்திலேயே கேட்டார்.

"வெள்ளம் திளப்பிச்சதாணோ குடிச்சது?"

காய்ச்சிய தண்ணீர்தான் குடித்தாளா என்று கேட்கிறார். புரிந்தது. சரசுவுக்கும் புரிந்தது. அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"கமிட்டித் தண்ணிங்க. குளோரின் போட்டது" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். தண்ணீரில் வருகிற மஞ்சள் காமாலையில் ஒரு வகையாம். மற்றவர்களுக்குப் படுத்து எழுந்தால் சரியாகிவிடும். வயிற்றுப் பிள்ளைக்காரிகளிடம் மட்டும் இரக்கம் காட்டாதாம். ஈரல். "பிரார்த்திக்கணும்" என்றார். மருத்துவம் படித்தவர் அந்தச் சொல்லுக்கு வந்து சேர அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

பிரபு வந்துவிட்டார். மில் சீருடையிலேயே.

சித்திரை 7, ஞாயிறு

மாற்றுத் துணி எடுக்க ஊருக்கு வந்தேன். கீழத்தெருவில் இன்னும் சிலருக்குக் காமாலை. ஹெல்த் இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டுக் குழாயடியில்தான் நின்றார், கடைசி வீடு என்பதால். பொழுதோடு விட்ட தண்ணீர். குப்பியில் பிடித்துச் சொட்டு விட்டார். ஆட்டினார். வெளிச்சத்தில் பிடித்தார். வெறும் தண்ணீர், நிறமே மாறவில்லை.

"இதில் ஒந்நும் இல்லல்லோ, சாரே."

கோயம்புத்தூர் மெக்கானிக்கை வரவழைத்திருந்தார்கள். எல்லாரும் பம்பு ஹவுஸுக்குப் போனோம். மருந்துப் பம்பு டிக் டிக்கென்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. மெக்கானிக் சிவப்புத் துணியைப் பார்த்தார்.

"தள்ளு தண்ணியை ஏனுங்க அடைச்சு வெச்சிருக்கீங்க?"

சின்னச்சாமி: "இப்ப அதுக்கு முறை இல்லீங்க. காத்தாலைக்கு மட்டும்தானுங்க முறை."

"என்ன முறைங்க?"

மெக்கானிக் தோப்புக்குள் போய்த் தள்ளு தண்ணிக் குழாயைக் கழற்றினார். உள்ளே மருந்து தேங்கி நின்றது, கண்ணெரிய.

"பொழுதோட அடிச்சதெல்லாம் இங்கயே நிக்குது. காத்தால நீங்க தண்ணியைத் தொறந்துவிட, மொத்தமாப் போயித் தொட்டியில உழுகுது. அதுதான் நாத்தம். பொழுதோட தொட்டிக்குச் சொட்டு மருந்து போகலை." துண்டால் கையைத் துடைத்தார். "மருந்துக்கு முறை வெச்ச ஊரை இப்பத்தானுங்க பாக்கறேன்."

சின்னச்சாமி: "பம்பு அடிச்சுக்கிட்டேதானுங்க இருந்துச்சு. போகுதுன்னுதான் நெனச்சேன்."

ஆறுச்சாமி: "செகரட்ரிதான் நாயமாச் சொன்னாருன்னு நாங்களும்..." தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து, மறுபடியும் போட்டுக்கொண்டார்.

துணிப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவள் கேட்ட நைட்டி நீலம். நான் எடுத்துவந்தது பச்சை.

சித்திரை 9, செவ்வாய்

கவிதாவுக்குப் பேச்சு குழறுகிறது. பிரபுவை அப்பா என்கிறாள். என்னை யாரென்று கேட்டாள், சொன்னேன், "கமிட்டிக்குப் போகலீங்களா?" என்றாள். தெளிவாகத்தான் கேட்டாள். பிறகு வளையலை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் வந்து எல்லாவற்றையும் கழற்றி ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

மாலை ஆபரேஷன். பெண். எடை குறைவு. கண்ணாடிப் பெட்டி.

பிரபு கண்ணாடிக்கு வெளியே நின்று, "யாழினி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

சித்திரை 10, புதன்

நினைவு இல்லை. மஞ்சள் முகம், சுத்தமான தலையணை உறை. சரசு அவள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வீக்கம் வற்றிவிட்டது.

படிக்க எடுத்துவந்த புத்தகம் பையிலேயே. இதுவரை படித்தது எதுவும் உதவிக்கு வரவில்லை, கூப்பிட்டும் பார்த்தேன்.

சித்திரை 11, வியாழன்

கவிதா விடிவதற்குள் போய்விட்டாள்.

சித்திரை 14, ஞாயிறு

காரியம் எல்லாம் முறைப்படி. அந்தச் சொல்லை எத்தனை பேர் எத்தனை தடவை சொன்னார்கள். சமையல்காரர் குடிக்க வைத்தது கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்த கேன் தண்ணீர். ஒறம்பரைச் சொந்தங்கள் டம்ளரைத் தூக்கி மணந்து பார்த்துவிட்டுக் குடித்தார்கள்.

ருக்குமணியின் பிள்ளைகளுக்குக் குணமாகிவிட்டது. தெருவில் பழைய டயர் உருட்டுகிறார்கள். அவள் அவர்களை அதட்டி உள்ளே இழுத்தாள், நான் பார்க்கிறேன் என்பதால். ஓடட்டும் விடம்மா என்று சொல்ல நினைத்தேன்.

சரசு என்னோடு பேசுகிறாள். சோறு, மாத்திரை, பால்காரர். வேறு ஒன்றும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருக்கும்.

சித்திரை 18, வியாழன்

லேசான தூறல். மண் வாசம் வந்து போய்விட்டது.

கமிட்டி கூடியதாம். நான் போகவில்லை. ஆறுச்சாமியும் சின்னச்சாமியும் வீட்டுக்கே வந்தார்கள். மினிட்ஸ் புத்தகம் மஞ்சள் பையில்.

"அனுதாபத் தீர்மானம் போட்டிருக்கறமுங்க, செகரட்ரி. எழுதறதுக்கு எங்களுக்கு வகை தெரியலை. நீங்க எழுதினாத்தான் சரியா வரும்." பிறகு, "உங்களைப் போயி எழுதச் சொல்றமே" என்று சொல்லி அழுதார். பெரிய உடம்பு, குலுங்கியது. சின்னச்சாமி செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எழுதிக் கொடுத்தேன். கமிட்டிச் செயலாளரின் அன்பு மகள் அகால மரணமடைந்தமைக்கு இக்கூட்டம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது. ஆழ்ந்த என்பதை அடித்துவிட்டு மறுபடி அதையே எழுதினேன். வேறு சொல் கிடைக்கவில்லை. மரணத்தின் காரணத்துக்கு அந்த வடிவத்தில் இடம் இல்லை. நானும் இடம் விடவில்லை. கீழே, வழக்கம்போல், என் கையெழுத்து.

செயலாளர் பதவிக்கு ராஜினாமாவும் எழுதினேன். ஆறுச்சாமி அதைப் படிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாமுங்க."

சித்திரை 24, புதன்

பாலக்காட்டிலிருந்து குழந்தையை விட்டார்கள். எடை கூடியிருக்கிறது. சரசு தொட்டில் கட்டினாள், சேலை கவிதாவுடையது. முகம் யாரைப் போல என்று தெரியவில்லை. கொட்டாவி மட்டும் அவள் அம்மாவுடையது.

இரண்டு மணி நேரம் தூங்கினாள். நான் பக்கத்தில். ஒன்றும் படிக்கவில்லை.

சித்திரை 26, வெள்ளி

வெயில் திரும்பிவிட்டது. மதியம் பிரபுவும் அவர் அம்மாவும் வேனில் வந்தார்கள். சம்பந்தியம்மா வாசலிலேயே நின்று பேசினார்.

"புள்ளையை நாங்க கொண்டுபோயி வளத்திக்கிறமுங்க. அங்க எல்லா வசதியும் இருக்குது."

மூன்றாம் மாதம்வரை தாய்வீட்டில் இருப்பதுதானே வழக்கம் என்று சரசு சொல்லத் தொடங்கினாள். தாய்வீடு என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது.

பிரபு என்னைப் பார்க்கவில்லை. "மாமா, தப்பா நெனைக்காதீங்க" என்று தூணிடம் சொன்னார்.

சரசு குழந்தையின் துணிகளை மடித்துக் கொடுத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீரும் இரண்டு டம்ளரும் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் குடிக்கவில்லை. குழந்தையை எடுத்துக்கொண்டு பொழுது சாயும் முன்னால் உடுமலைக்குப் போய்விட்டார்கள்.